கதவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனவள்

இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வாருங்கள், கண்ணுகளா. காலை நீட்டி, முதுகைச் சாய்த்து வசதியாக உட்காருங்கள். ஒரு கதை சொல்கிறேன். இடையில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், தடுக்கமாட்டேன். ஆனால் எனக்கு இதைச் சொல்ல எடுத்தாலே வயிறு எரிகிறது, அதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்பிள்ளையின் படிப்புக்காக, கைக்கு அடங்கிய விலையில் ஒரு லேப்டாப் வாங்கப்போன கதை. அதில் என்ன பெரிய கதை என்கிறீர்களா? கேளுங்கள்.

அந்தப் பிள்ளையின் அம்மா ஒரு சட்டை ஆலையில் வேலை பார்த்தாள். ஆலையில் எல்லோருக்கும் அவள் செக்கர் அக்கா. தைத்து வரும் சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, தையல் விட்டிருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா, இரண்டு கையும் ஒரே நீளமா என்று பார்ப்பது அவள் வேலை. குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். சட்டை திருத்தப்பட்டுத் திரும்பி வந்ததும் அந்த ஸ்டிக்கரை உரித்து ஒரு தாளில் ஒட்டவேண்டும். காலையில் வாங்கிய ஸ்டிக்கர் அத்தனையும் சாயங்காலம் தாளில் இருந்தால்தான் வீட்டுக்குப் போகலாம். ஒன்று குறைந்தாலும் ஏதோ ஒரு சட்டை ஸ்டிக்கரோடு பெட்டிக்குள் போய்விட்டது என்று அர்த்தம். கட்டி வைத்த பெட்டியெல்லாம் பிரித்துத் தேடவேண்டும்.

பதினெட்டு வருடம் இப்படியே பழகிய கை, வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? புது வாளி வாங்கினால் அதன் ஸ்டிக்கர் போய்விடும். தட்டு, மின்விசிறி, ஆப்பிள் பழம், எதுவும் தப்பாது. உரித்ததைக் குப்பையில் போடவும் மனம் வராது. சமையலறை மர அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டிவிடுவாள். கதவைத் திறந்தால், அந்தக் குடும்பம் கல்யாணம் ஆன நாள் முதல் வாங்கிய சாமான் அத்தனையும் வரிசையாகத் தெரியும். அவள் புருஷன் ஒரு லாரி ஓட்டுநர். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் சட்டையில் இருக்கும் கம்பெனிப் பெயரைக் கையால் மூடிக்கொண்டு, "இதையும் உரிச்சுடாத தாயே" என்பான்.

மகளுக்குப் பொடிசு என்று பெயர் வைத்திருந்தார்கள். வளர்ந்து அம்மாவைவிட ஒரு சாண் உயரமாகிவிட்டாள், பெயர் மட்டும் வளரவில்லை. புள்ளியியல் படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு, அடித்துப் பிடித்துக் கல்லூரியில் இடம் வாங்கினாள். சேர்ந்த மூன்றாவது வாரம் துறையில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். ஒவ்வொரு மாணவரும் சொந்தமாக ஒரு லேப்டாப் கொண்டுவரவேண்டும், அதில் துறை சொல்லும் மென்பொருள் ஓடவேண்டும், அடுத்த மாத முதல் திங்கட்கிழமை அதைச் சோதிப்பார்கள். இல்லாதவர்களை இடம் காலியாக இருக்கும் வேறு பாடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அதுவரை அவள் கட்டுரைகளையெல்லாம் கைபேசியில் கட்டைவிரலால் தட்டித்தான் எழுதிக்கொண்டிருந்தாள். விரல் வீங்கி, இரவெல்லாம் அதற்குத் தைலம் தடவுவாள். அதைப் பார்த்துப் பார்த்து அம்மா வாயைத் திறக்காமல் பல்லைக் கடிப்பாள்.

எப்படியோ பணம் சேர்ந்தது. இனி எதை வாங்குவது?

இந்த இடத்தில் தாய்மாமன் வந்து சேர்ந்தான். செக்கர் அக்காவின் தம்பி. குடும்பத்தில் அவனை ரிவ்யூ மாமா என்பார்கள். தீப்பெட்டி வாங்குவதென்றாலும் கைபேசியில் நாலு பேர் சொல்லும் அபிப்பிராயத்தைப் பார்க்காமல் வாங்கமாட்டான்.

"அக்கா, இதெல்லாம் உனக்கு வேணாம். நான் பாத்துக்கறேன். மெயின் ரோட்டுல ஒரு கடை இருக்கு, ஓனரு நமக்குத் தெரிஞ்சவரு. போன தடவை போனப்ப என்னை உக்கார வெச்சு ஜூஸ் வாங்கிக் கொடுத்தாரு."

"ஜூஸ் குடுத்தா நல்லவனாடா?"

"ஐயோ அக்கா, நீ ஆரம்பிக்காத."

கடை கண்ணாடியும் வெளிச்சமுமாக ஜொலித்தது. முதலாளி வெள்ளைச் சட்டை போட்டு, வாய் நிறையச் சிரித்து வரவேற்றார். வெள்ளி நிறத்தில், தகடு மாதிரி மெல்லிசாக ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். கை வைக்கும் இடத்தில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர், அதில் 8 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"எட்டு ஜிபி மெமரி. ஸ்டூடண்ட்டுக்கு இது போதும்மா. இந்த விலைக்கு எட்டு எங்கேயும் கிடைக்காது" என்றார் முதலாளி.

"எட்டு அக்கா! ராக்கெட் மாதிரி போகும்" என்றான் ரிவ்யூ மாமா. அவனுக்கு முகமெல்லாம் பல்.

செக்கர் அக்கா அதைக் கையில் வாங்கி, மூடி, குப்புறக் கவிழ்த்தாள். "இதை உள்ள தொறந்து காட்டுவீங்களா?"

முதலாளி சிரித்தார். "துணிக் கடைன்னு நினைச்சுட்டீங்களா? சீல் இருக்குதும்மா. இதோ பாருங்க, ஆணி மேல வட்டமா ஒட்டியிருக்கு. அது போச்சுன்னா வாரண்டியும் போச்சு."

அவர் சொன்னதை மாமா காதில் வாங்கினான். பொடிசு பளபளப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். செக்கர் அக்காவுக்குத் 'துணிக் கடைன்னு நினைச்சுட்டீங்களா' என்பதுதான் நெஞ்சில் தைத்தது, அதற்குப் பின்னால் சொன்னது காதில் விழவில்லை. விழாததன் பலனைப் பிறகு அனுபவித்தாள்.

அதையே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் பொடிசு குளிக்கப் போனாள். அந்தக் கால் மணி நேரம் போதும் அம்மாவுக்கு. புதுப் பொருளில் இத்தனை ஸ்டிக்கரா என்று, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி ஒவ்வொன்றாக உரித்தாள். முன்னால் இருந்த 8, மூலையில் இருந்த கம்பெனிப் படம், அடியில் ஆணி மேல் இருந்த வட்டம், எல்லாம் போய்க் கதவில் உட்கார்ந்தன. 8 போட்ட ஸ்டிக்கர் மட்டும் கையில் கெட்டியாகப் பட்டது. பெரிய கம்பெனி, நல்ல தாளாகப் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். ஈரத் துணியால் ஒரு துடைப்பும் துடைத்து வைத்தாள். அவளைப் பொறுத்தவரை அது இப்போதுதான் தேறிய பொருள்.

அடுத்த நாளே தகராறு ஆரம்பித்தது. துறையில் சொன்ன மென்பொருளை ஏற்றினால், பாதியில் நின்று, போதிய நினைவகம் இல்லை என்று சொன்னது. பொடிசு அணைத்துப் போட்டாள், அழித்து ஏற்றினாள், தோழியிடம் கேட்டாள். கடைசியில் வெள்ளிக்கிழமை அந்தத் தோழி, கணினியின் விவரம் எங்கே இருக்கும் என்று காட்டிக் கொடுத்தாள். அங்கே நினைவகம் என்ற இடத்தில் 8-க்குப் பதில் 4 என்று இருந்தது. திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.

சனிக்கிழமை செக்கர் அக்கா ஆலையில் ஒரு நாள் விடுப்பு சொல்லிவிட்டு, மகளையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே கடைக்குப் போனாள். முதலாளி லேப்டாப்பை வாங்கிக் கவிழ்த்தார். ஆணி மேல் வட்டம் இல்லை. முகத்தில் இருந்த சிரிப்பு அந்த நொடியே கழன்றது.

"சீல் எங்கம்மா?"

"நான்தான் உரிச்சேன்."

"எதுக்கு?"

"ஸ்டிக்கர் இருந்துச்சு, உரிச்சேன்."

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி குரலை உயர்த்தினார். "நான் குடுத்தது எட்டு. இப்ப நாலு காட்டுது. நடுவுல சீல் போயிருக்கு. யாராவது தொறந்து, உள்ள இருந்ததைக் கழட்டி வித்துட்டு, திருப்பி என்கிட்டயே வந்து நின்னா நான் என்ன பண்றது? இந்த மாதிரி ஆளுங்களை நான் நிறைய பாத்துட்டேன்."

கேட்டீர்களா, கண்ணுகளா? பதினெட்டு வருடம் ஒரு பொத்தானைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதவளைப் பார்த்து, பத்துப் பேர் முன்னால் திருடி என்கிறான். வார்த்தையை நேராகச் சொல்லவில்லை. சொல்லாமல் சொல்வதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டுமே, அது அவனிடம் இருந்தது.

செக்கர் அக்காவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆலையில் மேற்பார்வையாளரையே உலுக்கி எடுப்பவள், அங்கே கல்லாக நின்றாள். பக்கத்திலிருந்த தம்பி மெல்ல, "அக்கா, அவரு சொல்லத்தான் செஞ்சாரு. நீ எதுக்கு உரிச்ச?" என்றான்.

ரோட்டில் இறங்கியபிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது. வந்தது தம்பிமேல்.

"டேய், நீ யாரு பக்கம்டா? எனக்குத் தம்பியா, அவனுக்கு மச்சானா?"

"நான் நியாயத்தைச் சொன்னேன்."

"நியாயம்! ஒரு டம்ளர் ஜூஸுக்கு வித்த நியாயம்! உன் அக்காவைத் திருடிங்கறான், நீ தலையை ஆட்டிட்டு நிக்கற. அந்தத் தலையைக் கழட்டி அவன் கடையிலேயே வெச்சுட்டு வந்திருக்கலாம்ல? அங்கதான் டிஸ்ப்ளேக்கு நிறைய இடம் இருக்கு."

மாமா தரையைப் பார்த்தான். பொடிசு கேட்டாள்: "அம்மா, உரிச்சதை எல்லாம் என்ன பண்ணினே?"

வீட்டுக்கு வந்து அலமாரிக் கதவைத் திறந்தார்கள். வாளிக்கும் மின்விசிறிக்கும் நடுவில் 8 இருந்தது. செக்கர் அக்கா கட்டைவிரலை அதன் ஓரத்தில் வைத்து மெல்லத் தேய்த்தாள். துணி ஒற்றையா இரட்டையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் விரல் அது.

"ரெண்டு ஓரம் இருக்கு" என்றாள். "ஒண்ணு மேல ஒண்ணு. ஆலையில பழைய சரக்கு தங்கிப்போனா, சைஸ் லேபிள் மேல வேற லேபிள் ஒட்டி அனுப்பப் பாப்பானுங்க. எத்தனை தடவை பிடிச்சுக் குடுத்திருக்கேன்! அன்னைக்கே என் விரலுக்குத் தெரிஞ்சுது. நான்தான் நல்ல தாளுன்னு சொல்லி வாயை அடைச்சேன்." அவள் கோபத்தில் பாதி அவள்மேலேயே இருந்தது.

மாமா கையை நீட்டினான். "எடு அக்கா, உரிச்சுப் பாத்துடலாம்."

"கைய வெச்சே, முறிச்சுடுவேன். இங்க உரிச்சா, நீங்களே வீட்டுல உக்காந்து ஒட்டினதுன்னு சொல்வான். அவன் கண்ணு முன்னாலதான் உரிக்கணும்."

"அதுக்கு இதை எப்படிக் கொண்டுபோறது?"

அவள் உள்ளே போனாள். புருஷனின் கருவிப் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்துவந்து, கீலில் இருந்த ஆணிகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"அக்கா! கதவையா?"

"ஆமா. பிடி அந்தப் பக்கம்."

இடுப்பளவு உயரக் கதவு. மாமா தலைமேல் வைத்துக்கொண்டு நடந்தான். பேருந்தில் ஏறியதும் நடத்துநர் மேலும் கீழும் பார்த்தார். "வீட்டைப் பூட்டிட்டு சாவியை எடுத்துட்டு வருவாங்க, பாத்திருக்கேன். நீங்க என்னப்பா கதவையே எடுத்துட்டு வரீங்க?"

"டிக்கெட்டைக் குடுங்க சார்" என்றான் மாமா பரிதாபமாக.

"கதவுக்கும் ஒண்ணு போடறேன். ஜன்னல் ஓரமா வேணுமா அதுக்கு?"

பேருந்தே சிரித்தது. செக்கர் அக்கா சிரிக்கவில்லை. லேப்டாப் பையை மார்போடு அணைத்து, நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடையில் அப்போது காவலாளிச் சீருடையில் ஒரு மனிதர், அதே மாதிரி வெள்ளி நிற லேப்டாப் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மகனுக்கு வாங்க வந்தவர். மாமா கதவை முதலாளியின் மேசைமேல் சாய்த்து வைத்தான்.

"என்னய்யா இது?"

"நீங்க குடுத்த ஸ்டிக்கர். உங்களுக்குக் காட்டத்தான் எடுத்துட்டு வந்தேன்" என்றாள் செக்கர் அக்கா. காலையில் ஓடி ஒளிந்த குரல் இப்போது கணீரென்று வந்தது. "எல்லாரும் கிட்ட வந்து பாருங்க. நான் கைய மறைக்கல."

நகத்தை ஓரத்தில் கொடுத்து, குழந்தையின் புண்ணிலிருந்து கட்டுத் துணியை எடுப்பதுபோல் அத்தனை பொறுமையாகத் தூக்கினாள். 8 மேலே வந்தது. அடியில் கம்பெனியின் ஸ்டிக்கர் கிழியாமல் கதவில் இருந்தது. அதே பெயர், அதே எழுத்து. எண் மட்டும் 4.

காவலாளி தன் கையிலிருந்ததன் முன்பக்க ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அதற்கும் இரண்டு ஓரம் இருந்தது. தேள் கொட்டியதுபோல் அதை மேசையில் வைத்தார்.

முதலாளிக்குச் சிரிப்பு திரும்பி வந்தது. எங்கே கழற்றி வைத்திருந்தாரோ! "கோடவுன்ல எவனோ மாத்தி ஒட்டிருக்கான் சிஸ்டர். எனக்கே இப்பதான் தெரியுது. வாங்க, உள்ள உக்காந்து பேசலாம். பாப்பாவுக்கு இதைவிட நல்லதா ஒண்ணு தரேன். உண்மையான எட்டு. கூடப் பையும் தரேன், நீங்க ஒண்ணும் குடுக்க வேணாம். முதல்ல அந்தக் கதவை எடுத்து வெளிய வைங்க."

செக்கர் அக்கா மகளைப் பார்த்தாள். இப்போது மணி நாலு. நாளை ஞாயிறு. மறுநாள் சோதனை. அவள் கோபம் அங்கே ஒரு கணம் தடுமாறியது, பொய் சொல்லமாட்டேன். "எடுத்துக்கலாமாடீ?" என்றாள் மெல்ல. "திங்கக்கிழமைக்குள்ள வேணுமே."

அத்தனை நாள் அந்த வெள்ளிப் பளபளப்பைக் கனவில் கண்ட பெண் முதலாளியைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு உங்க மெஷின் எதுவும் வேணாம். பணத்தைத் திருப்பிக் குடுங்க. காலையில எங்க அம்மாவைச் சொன்னதுக்கு, இவங்க எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேளுங்க."

"பாப்பா, நான் யாரையும் ஒண்ணும் சொல்லலையே."

"சொன்னீங்க. கழட்டி வித்துட்டு வந்துட்டாங்கன்னு சொன்னீங்க."

"பொதுவா சொன்னேம்மா."

"பொதுவா, மெஷினைத் திருப்பிக் கொண்டுவந்து நின்னது நாங்க மட்டும்தான்."

மாமா தொண்டையைச் செருமினான். "நானும்தான் பக்கத்துல நின்னேன். காதுல வாங்கினேன். என் அக்காவைத்தான் சொன்னீங்க" என்றான். கொஞ்சம் தாமதம்தான், ஆனாலும் சொன்னான்.

"அந்தப் பொண்ணு கேக்குதுல்ல, பதில் சொல்லுய்யா" என்றார் காவலாளி.

முதலாளி கல்லாவைத் திறந்து பணத்தை எடுத்து வைத்தார். முழுசாகத்தான் வைத்தார். மன்னிப்பு மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. பணத்தை வைத்துவிட்டு, யாருக்கோ அவசரமாகப் பேசவேண்டியதுபோல் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை. அரை மணி நேரம் நின்று பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பொடிசு தானே நாலு பேரைக் கேட்டு, ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன அறையைக் கண்டுபிடித்தாள். அங்கே ஒரு பெண், நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு லேப்டாப்புகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா வாசலிலேயே தயங்கினான். "லேடீஸா பாக்கறாங்க?"

"இல்ல சார், விரலுதான் பாக்குது" என்றாள் அவள் தலையைத் தூக்காமல்.

பொடிசு தனக்கு என்ன வேலை என்று சொன்னாள். அந்தப் பெண், ஏதோ அலுவலகத்தில் ஐந்து வருடம் உழைத்துக் கைமாறி வந்த ஒரு கறுப்பு மெஷினை எடுத்து வைத்தாள். செங்கல் கனம். மூடியில் கீறல். விசைப்பலகையில் இரண்டு எழுத்து தேய்ந்திருந்தன.

"அழகு கிடையாது, சொல்லிடறேன். உன் வேலைக்கு மெமரி எட்டு இருக்கணும், இருக்கு. பழைய டிஸ்க்கை எடுத்துட்டு புதுசு போட்டிருக்கேன், அதனால வேகமா தொறக்கும். பேட்டரி மூணு மணி நேரம் வரும், மேல எதிர்பார்க்காத. சார்ஜரைப் பையிலேயே வெச்சுக்க. கீல் கெட்டியா இருக்கு, ஆட்டிப் பாரு."

கேட்காமலே அடித்தகட்டைக் கழற்றி, விளக்கை அதன்மேல் திருப்பினாள். செக்கர் அக்கா குனிந்து, உள்ளே இருந்த சின்னப் பச்சைப் பட்டையையும் அதில் அச்சடித்த எண்ணையும் வாசித்தாள். எட்டேதான். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, பணத்தைக் குடுக்கறதுக்கு முன்னாடி இங்கயே என் சாஃப்ட்வேரை ஏத்திப் பாக்கலாமா?" என்றாள் பொடிசு.

"அதைக் கேக்காம வாங்கிட்டுப் போறவங்கதான் அதிகம். ஏத்து."

நாற்பது நிமிடம் ஆனது. மூன்று பேரும் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாமா கைபேசியை எடுத்து அந்த மாடலைப் பற்றி யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்கப்போனான். அக்கா திரும்பிப் பார்த்தாள். கைபேசி சட்டைப்பைக்குள் போய்விட்டது. மென்பொருள் ஏறியது, திறந்தது, ஓடியது.

திங்கட்கிழமை துறையில் அந்தக் கறுப்புச் செங்கல்லைப் பார்த்து ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்தான். ஆசிரியர் மென்பொருளைத் திறக்கச் சொன்னார், திறந்தது. பெயருக்கு நேரே குறி போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். பொடிசின் இடம் அவளுக்கே நிலைத்தது.

அன்று சாயங்காலம் அம்மா ஆலையிலிருந்து வந்தபோது, மகள் பத்து விரலாலும் தட்டிக்கொண்டிருந்தாள். பாடம் எழுதுகிறாள் என்று நினைத்து அம்மா சத்தம் போடாமல் நின்றாள்.

"பாடம் இல்லம்மா. நுகர்வோர் குறைதீர் அலுவலகத்துக்கு. கடையில எடுத்த ஸ்டிக்கர் ஃபோட்டோ, காவலாளி அண்ணன் குடுத்த ஃபோன் நம்பர், எல்லாம் சேர்த்து எழுதியிருக்கேன். அந்தக் கடையில இன்னும் அதே மெஷின்தான் வெச்சிருக்கான், வர்ற வழியில பாத்தேன். வாசிக்கறேன், கேளு."

வாசித்தாள். அம்மா கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் புரட்டிப் பார்ப்பதுபோல் கேட்டாள். கடைசி வரி வந்தது: "தயவுசெய்து இதை விசாரிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

"அந்த 'தயவுசெய்து' எதுக்கு?" என்றாள் அம்மா. "அவங்க வேலையே அதுதானே? எடு அதை. 'பணிவுடன்' இருக்கு பாரு, அதையும் எடு."

பொடிசு இரண்டையும் அழித்தாள்.

கதை இவ்வளவுதான், என் கண்ணுகளா. கேட்டுக் களைத்திருப்பீர்கள், எழுந்து முகம் கழுவிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆசைப்பட்ட படிப்பு அவர்களுக்குக் கைகூடட்டும். உழைத்துச் சேர்த்தது உங்களை ஏய்க்காத பொருளாக வீடு வந்து சேரட்டும். உங்கள் வாசலில் நின்று உங்களைக் குறைவாகப் பேச எவனுக்கும் நா எழாமல் போகட்டும். எழுந்தால், உங்களுக்கும் அந்த நேரத்தில் குரல் வரட்டும். அடுப்பும் மனசும் சூடு ஆறாமல், எல்லோரும் நன்றாக இருங்கள்.